மானிட்டரில் கோடு ஓடியது, நாடி இல்லை

விருதுநகர் மாவட்டத்திலிருந்து 31 வயது செவிலியர் ஒருவர் ஐந்து பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

பிளஸ் டூ வரை தமிழ் வழி. பிறகு ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ, சில ஆண்டுகள் கழித்து போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. ஒன்பது வருடம் பெண்கள் வார்டில் வேலை, நான்கு மாதமாக ஐ.சி.யூ. அங்கே இருப்பவர்கள் எல்லோரும் ஏ.சி.எல்.எஸ். (இதயம் நின்றவரை மீட்பதற்கு அமெரிக்க இதய சங்கம் தரும் உயர்நிலைப் பயிற்சி) முடித்திருக்க வேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. கடந்த மாதம் வகுப்புக்குப் போனார். எழுத்துத் தேர்வில் 88 சதவீதம். ஆனால் 'மெகாகோட்' எனப்படும் செய்முறைத் தேர்வில், டீம் லீடராக நின்றபோது மானிட்டரில் ஒழுங்கான கோடு ஓடுவதைப் பார்த்து, "சைனஸ் ரிதம் வந்துடுச்சு சார், பேஷன்ட் ஓகே" என்று சொல்லிவிட்டு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே நின்றுவிட்டார். தேர்வாளர் நிறுத்திவிட்டார். கூடப் போன இரண்டு ஜூனியர்களும் தேறிவிட்டார்கள். பஸ்ஸில் அழுதுகொண்டே ஊர் திரும்பியதாக எழுதியிருக்கிறார்.

அவருடைய கேள்விகள்: "இ.சி.ஜி. எனக்கு ஏறவே மாட்டேன் என்கிறது. எந்தப் புத்தகம் படித்தால் அடுத்த முறை தேறுவேன்? இங்கிலீஷில் கமாண்ட் கொடுக்க வாய் வரவில்லை, அதுதான் காரணமா? வகுப்புக்கே போகாமல் கார்டு வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். நாளைக்கு கல்ஃப் போனாலும் உதவும் என்கிறார். வாங்கலாமா? கட்டணத்தைச் சம்பளத்தில் பிடிப்போம், இரண்டு வருட பாண்டில் கையெழுத்துப் போடு, ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடு என்கிறது நிர்வாகம். இது சரியா? கார்டு வந்துவிட்டால், நைட் ட்யூட்டியில் டாக்டர் வருவதற்குள் நானே ஷாக் கொடுக்கலாமா? ஏதாவது ஆகிவிட்டால் கேஸ் என் மேல் வருமா?"

அன்புள்ள சிஸ்டர்,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு இ.சி.ஜி. தெரியும். மானிட்டரில் ஓடிய கோட்டைச் சைனஸ் ரிதம், அதாவது இயல்பான துடிப்பின் கோடு என்று சரியாகத்தான் படித்தீர்கள். தேர்வாளர் எதிர்பார்த்தது அடுத்த ஒரு செயலை: கழுத்தில் இரண்டு விரலை வைத்து நாடி பார்ப்பது. அங்கே நாடி இருந்திருக்காது. அதற்குப் பெயர் பி.இ.ஏ. மின்சாரம் ஓடுகிறது, இதயம் ரத்தத்தைத் தள்ளவில்லை.

நம் வீட்டு போர்வெல்லை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட்டரில் பச்சை விளக்கு எரியும், மோட்டார் ஓடுகிற சத்தமும் கேட்கும், மாடிக்குப் போய்ப் பார்த்தால் டேங்க் காலி. மானிட்டர் அந்தப் பச்சை விளக்கு மாதிரி. கரண்ட் வருகிறதா என்பதை மட்டும் சொல்லும். தண்ணீர் ஏறுகிறதா என்பதை விரலும் ரத்த அழுத்தமும்தான் சொல்லும். மோட்டார் சுற்றும்போது தண்ணீர் ஏறவில்லை என்றால் என்ன தேடுவோம்? கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, குழாய் அடைத்திருக்கிறதா என்று. பி.இ.ஏ.யிலும் அதேதான். ரத்தமோ நீரோ குறைந்துவிட்டதா, ஆக்ஸிஜன் போதவில்லையா, பொட்டாசியம் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா, நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்திருக்கிறதா, இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா, நுரையீரலுக்குப் போகும் குழாயில் ரத்தக்கட்டியா. புத்தகத்தில் 'ஐந்து ஹெச், ஐந்து டி' என்று, அந்த எழுத்துகளில் தொடங்கும் காரணங்களாக மனப்பாடம் செய்தீர்களே, அந்தப் பட்டியலின் பயன் இங்கேதான். அங்கே ஷாக் வேலை செய்யாது. மார்பழுத்தம், அட்ரினலின், காரணத்தைத் தேடுவது, இவ்வளவுதான்.

ஆகவே புதிய இ.சி.ஜி. புத்தகம் எதுவும் வாங்க வேண்டாம். முழு இ.சி.ஜி.யில் வரும் பன்னிரண்டு லீடையும் (பதிவுகளையும்) கரைத்துக் குடித்தால்தான் தேற முடியும் என்பது ஹாஸ்டல் காலத்திலிருந்து நம் ஊரில் சுற்றும் ஒரு பயம். மாரடைப்பில் இ.சி.ஜி. கோட்டின் எஸ்.டி. பகுதி மேலே ஏறியிருப்பதை அடையாளம் காணத் தெரிந்தால் அந்தப் பக்கம் போதும். மெகாகோடுக்கு வேண்டியது பத்து, பன்னிரண்டு ரிதம். அதைவிட நல்ல புத்தகம் உங்கள் ஐ.சி.யூ.விலேயே இருக்கிறது. ஷிஃப்டில் பொறுப்பு எடுத்தவுடன் ஒவ்வொரு பெட்டுக்கும் ஒரு ஸ்ட்ரிப் பிரிண்ட் எடுங்கள். ஐந்தே கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள்: நாடி இருக்கிறதா? வேகம் எவ்வளவு? சீராக வருகிறதா? கியூ.ஆர்.எஸ். (ஒவ்வொரு துடிப்பிலும் கூர்மையாக எழும் பெரிய முனை) ஒல்லியா அகலமா, அதாவது மூன்று சின்னக் கட்டத்துக்குள் அடங்குகிறதா? ஒவ்வொரு கியூ.ஆர்.எஸ்.ஸுக்கும் முன்னால் பி அலை என்ற சின்ன மேடு இருக்கிறதா? ஒரு மாதம் இப்படிச் செய்தால் போதும். முதல் கேள்வி நாடிதான் என்பதைக் கவனித்தீர்களா? வரிசை மாறவே கூடாது.

உண்மையில் எங்கே தடுக்கியது

"அப்படியே நின்றுவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். பல வருடமாகப் பயிற்சி வகுப்புகளில் மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். ஒன்பது வருடம் வேலை பார்த்த நல்ல சிஸ்டர்கள்தான் அதிகமாக அப்படி நிற்கிறார்கள். புதிதாக வந்த பிள்ளைகள் படபடவென்று பேசிவிடுகிறார்கள். காரணம் அறிவுக் குறைவு இல்லை. ஆர்டர் வரட்டும் என்று காத்திருப்பதற்கே உங்களை ஒன்பது வருடம் பழக்கியிருக்கிறோம். 'உங்களை' என்பதோடு 'நாங்கள்' என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், அதில் டாக்டர்களின் பங்கு பெரிது. வார்டில் ஒரு சிஸ்டர் "சார், இன்னும் ஆழமா அழுத்துங்க" என்று சொன்னால் எத்தனை பேர் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொள்வார்கள்? ஆனால் மெகாகோடில் அந்த வாக்கியத்தைச் சொல்லாவிட்டால் மதிப்பெண் போய்விடும்.

அங்கே டீம் லீடர் என்பவர் கையால் எதையும் செய்ய வேண்டியதில்லை. காலருகே நின்று முழுப் படத்தையும் பார்த்து, வாயால் நடத்த வேண்டும். நீங்கள் நின்ற அந்த அரை நிமிடம் உங்கள் மனதுக்குள் பத்து விஷயம் ஓடியிருக்கும். தேர்வாளருக்கு அது கேட்காது. தெரியாவிட்டாலும் வாயைத் திறந்து, "நாடி பார்க்கிறேன்... இல்லை... மார்பழுத்தம் தொடரட்டும்... காரணம் என்னவென்று யோசிக்கலாம், யாருக்காவது ஏதாவது தோன்றுகிறதா?" என்று கேட்டிருந்தால் தேர்வு தொடர்ந்திருக்கும். குழுவிடம் யோசனை கேட்பது பலவீனம் என்று நினைக்காதீர்கள், லீடர் அப்படிக் கேட்பதைத்தான் அவர்களும் எதிர்பார்க்கிறார்கள்.

இங்கிலீஷ் பற்றி ஒரு வார்த்தை. உங்களுக்குத் தேவைப்படுவது மொத்தம் பதினைந்து சின்ன வாக்கியங்கள், அவ்வளவுதான். அவற்றைத் தமிழ் எழுத்திலேயே எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். யாரிடம், எந்த மருந்து, எவ்வளவு, எந்த வழியில் என்ற நான்கும் ஒரு கட்டளையில் இருக்க வேண்டும். "சிஸ்டர் ஏ, அட்ரினலின் ஒன் எம்ஜி, ஐ.வி." அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். போட்டதும் "கிவன்" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் நீங்கள் அடுத்ததற்குப் போகலாம். புத்தகம் எபிநெஃப்ரின் என்று எழுதும், நம் ட்ராலியில் இருப்பது அட்ரினலின். இரண்டும் ஒன்றுதான். நடுவில் பெயரை மாற்றி மாற்றிச் சொல்லாமல் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள்.

மருந்தும் நேரமும்

எழுத்துத் தேர்வு உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. 50 கேள்வியில் 42 சரியாக இருந்தால் போதும், அதாவது 84 சதவீதம். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். எனவே அதில் நேரம் போக்காதீர்கள். ஆனால் மையத்தில் இப்போது எந்தப் பதிப்பு நடக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்க இதய சங்கம் 2025 அக்டோபரில் புதிய வழிகாட்டுதல்களை வெளியிட்டிருக்கிறது. ஜூனியர் கொடுத்த பழைய ஜெராக்ஸை வைத்துக்கொண்டு போய் உட்காராதீர்கள்.

பழைய ஜெராக்ஸ் எப்படிக் கவிழ்க்கும் என்பதற்கு அட்ரோபின் நல்ல உதாரணம். நாடி மிகவும் குறைந்து நோயாளி தடுமாறும்போது முன்பு 0.5 மி.கி. என்று படித்தோம். 2020 முதல் அது 1 மி.கி., 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை, மொத்தம் 3 மி.கி. வரை. நம் ஊர் ஆம்ப்யூலிலோ 1 மி.லி.க்கு 0.6 மி.கி. இருக்கிறது. ஆக 1 மி.கி. வேண்டுமென்றால் இரண்டு ஆம்ப்யூல் உடைக்க வேண்டும், இரண்டையும் முழுதாக ஏற்றவும் கூடாது. 'ஒரு ஆம்ப்யூல் அட்ரோபின்' என்று வார்டு வழக்கத்தில் சொன்னீர்களானால் தேர்வாளர் புருவத்தை உயர்த்துவார். அமியோடரோனும் அப்படித்தான். ஆம்ப்யூல் 150 மி.கி., முதல் டோஸ் 300. இரண்டு ஆம்ப்யூல். இரண்டாவது டோஸ் 150. அட்ரினலின் மட்டும் ஒரு ஆம்ப்யூல் ஒரு மி.கி., அது நம் பாக்கியம்.

வி.எஃப். (இதயத்தின் கீழறை ஒழுங்கில்லாமல் துடிதுடிப்பது) என்றாலும் நாடியில்லாத வி.டி. (கீழறை மிக வேகமாகத் துடிப்பது) என்றாலும் உடனே ஷாக், இரண்டு நிமிடம் அழுத்தம், இரண்டாவது ஷாக், அட்ரினலின், மூன்றாவது ஷாக், அமியோடரோன். அசிஸ்டோல் (மின்துடிப்பே இல்லாமல் நேர்க்கோடு), பி.இ.ஏ. என்றால் ஷாக் கிடையாது, அட்ரினலின் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அட்ரினலின் 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை என்பதைக் கடிகாரம் பார்த்துக் கணக்குப் போட வேண்டாம். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ரிதம் பார்க்கிறோம் அல்லவா, ஒன்று விட்டு ஒன்று என்று கணக்கு வைத்தால் சரியாக வந்துவிடும்.

நாடி இருந்து, வேகம்தான் கூடியோ குறைந்தோ இருக்கிறது என்றால் கேள்வி ஒன்றே ஒன்று: தாங்குகிறாரா, தாங்கவில்லையா? ரத்த அழுத்தம் இறங்கி, மயங்கி, நெஞ்சு வலித்து, மூச்சுத் திணறினால் வேகம் கூடியவருக்கு சின்க் பட்டனை (ஷாக்கைத் துடிப்போடு ஒத்திசைக்கும் பட்டன்) அழுத்திவிட்டு ஷாக். பட்டன் எங்கே இருக்கிறது என்று உங்கள் ஆஸ்பத்திரி மெஷினில் இன்றே தேடிப் பாருங்கள். சிரிக்காதீர்கள், தேர்வில் அதைத் தேடி நின்றவர்களில் டாக்டர்களும் உண்டு.

இவ்வளவு சொன்னாலும், தேர்வில் அதிகம் பேரைக் கவிழ்ப்பது மருந்தே அல்ல, மார்பழுத்தம்தான். நிமிடத்துக்கு 100 முதல் 120. குறைந்தது 5 செ.மீ. ஆழம், 6 செ.மீ.க்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலே எழ வேண்டும். இடைவெளி 10 விநாடியைத் தாண்டக் கூடாது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். ட்யூப் போட்ட பிறகு 6 விநாடிக்கு ஒரு மூச்சு மட்டும். பதற்றத்தில் அம்பு பேக்கை (மூச்சு கொடுக்கும் பையை) மடமடவென்று அமுக்குகிற பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. லீடராக நிற்கும்போது அதைக் கண்டுபிடித்துச் சொன்னாலே தேர்வாளருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வந்துவிடும்.

ஏஜென்ட் சொல்லும் கார்டு

வேண்டாம். இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. இப்போது வருவது மின் அட்டை. அதிலுள்ள குறியீட்டைக் கொண்டு வேலை கொடுப்பவர் சங்கத்தின் இணையதளத்திலேயே சரிபார்த்துவிடலாம். வளைகுடா உரிமத்துக்கு டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பு நிறுவனம் மூலம் சான்றிதழ்களை வழங்கிய இடத்திலேயே கேட்டுச் சரிபார்க்கிறார்கள். போலி என்று ஒருமுறை பதிவாகிவிட்டால் உங்கள் ஒன்பது வருட அனுபவமும் அதோடு சந்தேகத்துக்கு உள்ளாகும். முழுக்க ஆன்லைனிலேயே முடித்துவிடலாம் என்பதையும் நம்பாதீர்கள். அந்தச் சங்கத்தின் பாடத்தில் ஒரு பகுதியை ஆன்லைனில் படிக்க வழி உண்டு, ஆனால் செய்முறையை நேரில் காட்டித்தான் ஆக வேண்டும்.

ஏஜென்ட் சொல்லாத இன்னொன்றும் இருக்கிறது. இந்த அட்டைக்கு ஆயுள் இரண்டு வருடம்தான். வெளிநாடு போகும் திட்டம் உடனே இல்லையென்றால் கல்ஃபுக்காக இப்போதே அவசரப்படுவதில் அர்த்தமில்லை. உள்ளூர்த் தேவைக்கு மட்டும் என்றால், இந்திய மீட்புக் குழுமக் கூட்டமைப்பின் சி.சி.எல்.எஸ். என்ற இதேபோன்ற மீட்புப் பயிற்சியை நிர்வாகம் ஏற்குமா என்றும் கேட்டுப் பாருங்கள். மயக்கவியல் மருத்துவர்கள் முன்னெடுத்து நம் நாட்டு நிலைமைக்கேற்ப அமைத்தது அது. ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் முடிவு.

பாண்டும் ஒரிஜினல் சான்றிதழும்

நான் வக்கீல் இல்லை, வக்கீல் நண்பர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பயிற்சிக்குச் செலவு செய்த நிறுவனம் குறிப்பிட்ட காலம் வேலை செய்யச் சொல்லி ஒப்பந்தம் கேட்பது தானாகவே சட்டவிரோதம் ஆகிவிடாது. ஆனால் பாண்டில் எவ்வளவு பெரிய தொகையை எழுதியிருந்தாலும், 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவுப்படி நியாயமான இழப்பீடு மட்டுமே கேட்க முடியும். இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. கட்டணத்தை உங்கள் சம்பளத்தில்தான் பிடிக்கிறார்கள். அப்புறம் எந்தச் செலவுக்காக இரண்டு வருட பாண்ட்? இந்தக் கேள்வியை அமைதியாக, எழுத்தில் கேளுங்கள். ஒன்று அவர்கள் கட்டணம் கட்டட்டும், நீங்கள் ஒரு நியாயமான காலத்துக்குக் கையெழுத்துப் போடுங்கள். அல்லது நீங்களே கட்டிவிட்டு பாண்ட் இல்லாமல் இருங்கள். மறுதேர்வுக்குத் தனிக் கட்டணம் உண்டா, தவறிய பகுதியை மட்டும் செய்தால் போதுமா என்பதையும் பயிற்சி மையத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரிஜினல் சான்றிதழை மட்டும் கொடுக்காதீர்கள். சரிபார்த்துவிட்டு அன்றே திருப்பித் தரட்டும், நகலை வைத்துக்கொள்ளட்டும். வற்புறுத்தினால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு இல்லாமலே இலவசச் சட்ட உதவி உண்டு. பலருக்கு இது தெரியாது.

டாக்டர் வருவதற்குள்

உங்கள் கடிதத்தில் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்த கேள்வி இதுதான். கார்டு கையில் இருந்தால் எல்லாம் செய்யலாம் என்றும் நினைக்காதீர்கள், கார்டு இல்லாவிட்டால் ஒன்றும் செய்யக் கூடாது என்றும் நினைக்காதீர்கள். அது ஒரு பாடத்தை முடித்ததற்கான அட்டை. உரிமம் என்பது நர்சிங் கவுன்சில் பதிவுதான். மருந்து எழுதும் அதிகாரத்தை அந்த அட்டை உங்களுக்குத் தந்துவிடாது.

நாடி இல்லை என்றால், 'மீட்பு முயற்சி வேண்டாம்' என்று கேஸ் ஷீட்டில் முறைப்படி முடிவெடுத்து எழுதியிருந்தால் ஒழிய, மார்பழுத்தம் தொடங்க யாருடைய ஆர்டரும் தேவையில்லை. ஏ.இ.டி. என்பது தானே ரிதம் பார்த்து ஷாக் தேவையா என்று சொல்லும், பொதுமக்களே பயன்படுத்துவதற்காகச் செய்த கருவி, அதைப் பொருத்தவும் தயங்க வேண்டாம். ஐ.சி.யூ.வில் உள்ள சாதாரண ஷாக் மெஷினில் நீங்களே ரிதம் பார்த்து ஷாக் கொடுப்பதும், முதல் அட்ரினலினைப் போடுவதும் உங்கள் ஆஸ்பத்திரியின் எழுத்துபூர்வமான கோட் ப்ளூ (இதயம் நின்றவருக்கான அவசர அழைப்பு) நடைமுறையைப் பொறுத்தவை. "டாக்டர் வரும் வரை, பயிற்சி பெற்ற ஐ.சி.யூ. செவிலியர் இன்னின்னது செய்யலாம்" என்று ஒரு தாளில் கையெழுத்தோடு இருக்க வேண்டும். பெரும்பாலும் அந்தத் தாள் இருக்காது, "எல்லாருக்கும் தெரியும்ல" என்பார்கள். மறுதேர்வுக்குச் சம்மதிக்கும்போதே நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் மூலமாக அதைக் கேளுங்கள். பயிற்சியை அவர்கள் வற்புறுத்தும் இந்த நேரத்தைவிட நல்ல நேரம் கிடைக்காது.

வழக்குப் பயம் பற்றி. விபத்தில் உதவியவரைக் காக்கும் சட்டம் தன்னையும் காக்கும் என்று சில சிஸ்டர்கள் நினைக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் அந்தப் பிரிவு சாலை விபத்தில் தானாக முன்வந்து உதவுபவருக்கானது, ட்யூட்டியில் இருப்பவருக்கு அல்ல. உங்களைக் காப்பது வேறொன்று. மருத்துவ அலட்சியம் பற்றிய ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: சாதாரணத் திறமையுள்ள ஒருவர் அந்த நிலையில் நியாயமாக எதைச் செய்வாரோ அதுவே அளவுகோல். நோயாளி பிழைக்கவில்லை என்பதாலேயே அலட்சியம் என்று ஆகிவிடாது. எனவே நேரத்தை எழுதுங்கள். எப்போது நாடி இல்லை என்று பார்த்தீர்கள், எப்போது அழுத்தம் தொடங்கியது, எப்போது டாக்டருக்குப் போன் செய்தீர்கள், எப்போது ஷாக். நடந்து முடிந்த பிறகு நினைவிலிருந்து எழுதினால் நிமிடங்கள் தப்பும். ஒருவரை எழுதுவதற்கென்றே நிறுத்துங்கள். மெகாகோடிலும் அதற்கு ஒருவரை நியமிக்க மறந்துவிடாதீர்கள்.

இனி அடுத்த மூன்று வாரம். தேறிவிட்ட அந்த இரண்டு ஜூனியர்களையும் ஒரு ஞாயிறு மதியம் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். கூச்சமாக இருக்கும், தெரியும். ஆனால் அவர்கள் நன்றாகச் செய்வதும் உங்களுக்கு வராததும் ஒரே விஷயம்தான்: சத்தமாகப் பேசுவது. ஒரு தலையணையை நோயாளியாக வைத்து, அவர்கள் ரிதத்தை மாற்றிக்கொண்டே போகட்டும், நீங்கள் கட்டளை கொடுங்கள். பத்து முறை செய்யுங்கள். அதில் நான்கு முறையாவது பி.இ.ஏ. கொடுக்கச் சொல்லுங்கள்.

தேர்வன்று புடவை வேண்டாம், தரையில் மண்டியிட்டு அழுத்த வேண்டியிருக்கும், சுடிதாரில் போங்கள். முந்தைய இரவு நைட் ட்யூட்டி போட வேண்டாம் என்று இன்சார்ஜ் சிஸ்டரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். காலையில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். வெறும் வயிற்றோடு இரண்டு நிமிடம் மார்பழுத்தம் செய்தால் மூன்றாவது நிமிடம் லீடராக நிற்கும்போது குரல் எழும்பாது.